கூடுதல் கணிதப் பயிற்சி: டியூஷனா, கைப்பேசியா, வீட்டு மேசையா, கூட்டாளிகளா?

மலேசியாவில் சுங்கை சிப்புட் மாதிரி தோட்டங்கள் சூழ்ந்த ஊர்களில், நான்காம் படிவம் தொடங்கிய சில வாரங்களிலேயே இந்தக் கேள்வி வந்துவிடும். மூன்றாம் படிவம் வரை கணிதத்தில் குறை வைக்காத பிள்ளை, கூடுதல் கணிதத்தின் முதல் சோதனையில் முப்பது புள்ளியைத் தாண்டாமல் வந்து நிற்கும். உடனே பக்கத்து லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில்) விசாரணை. ஒருவர் டவுனில் டியூஷன் என்பார், இன்னொருவர் ஈப்போவுக்கு அனுப்பு என்பார், எல்லாம் யூடியூப்பில் இருக்கிறதே என்பார் மூன்றாமவர். மூவர் சொல்வதிலும் பாதி சரி. எந்தப் பிள்ளைக்கு எது என்பதைத்தான் யாரும் சொல்வதில்லை.

முதலில் தாள்

ஐந்தாம் படிவ இறுதியில் எழுதும் எஸ்.பி.எம். தேர்வில் கூடுதல் கணிதத்துக்கு இரண்டு தாள்கள். முதல் தாள் 2 மணி நேரம், 80 புள்ளி: ஏ பிரிவில் 12 கேள்விகளுக்கும் பதில் எழுத வேண்டும், 64 புள்ளி, பி பிரிவில் மூன்றில் இரண்டு, 16 புள்ளி. இரண்டாம் தாள் இரண்டரை மணி நேரம், 100 புள்ளி: ஏ பிரிவில் 7 கேள்விகள், 50 புள்ளி, பி பிரிவில் நான்கில் மூன்று, 30 புள்ளி, சி பிரிவில் நான்கில் இரண்டு, 20 புள்ளி.

வகுத்துப் பாருங்கள். இரண்டு தாளிலும் ஒரு புள்ளிக்கு ஒன்றரை நிமிடம்தான். ஆறு புள்ளிக் கேள்விக்கு ஒன்பது நிமிடம், பத்துப் புள்ளிக் கேள்விக்குக் கால் மணி. பயிற்சி எந்த வழியில் நடந்தாலும் இந்த வேகத்துக்குக் கை பழக வேண்டும்.

சி பிரிவின் நான்கு கேள்விகள் குறியீட்டு எண், முக்கோணத் தீர்வு, நேரியல் திட்டமிடல், நேர்கோட்டு இயக்கம் ஆகியவற்றிலிருந்து வரும். நுண்கணிதத்தில் தடுமாறும் பிள்ளை முதல் இரண்டையும் நன்றாகப் பழகி வைத்தால், வகையிடலைத் தொடாமலேயே அந்த 20 புள்ளிக்கு நிற்கலாம். இதைத் தெரிந்துகொள்ளப் பணம் கட்ட வேண்டியதில்லை.

ஐந்து கேள்வி, முப்பது நிமிடம்

வழியைத் தேர்ந்தெடுக்கும் முன், ஓட்டை எங்கே என்று தெரிய வேண்டும். ஐந்தாம் படிவப் பிள்ளையிடம் கீழே உள்ள ஐந்தையும் கொடுத்து, எல்லா வரிகளையும் எழுதச் சொல்லுங்கள். நான்காம் படிவம் என்றால் முதல் இரண்டு மட்டும் போதும்.

1. லாக் என்றால் மடக்கை. அடிமானம் 2-இல், லாக் (எக்ஸ் + 3) + லாக் (எக்ஸ் − 3) = 4. எக்ஸின் மதிப்பு என்ன?
2. 6 ÷ (3 − √3). பகுதியில் மூலக்குறி இல்லாமல் சுருக்குக.
3. 0° முதல் 360° வரை, சைன் 2எக்ஸ் = சைன் எக்ஸ். எல்லாத் தீர்வுகளையும் எழுதுக.
4. ஆரம் 10 செ.மீ., மையக்கோணம் 1.2 ரேடியன். நாணுக்கும் வில்லுக்கும் நடுவே உள்ள துண்டின் பரப்பு என்ன?
5. ஒய் = எக்ஸ்² − 4எக்ஸ் என்ற வளைகோட்டுக்கும் எக்ஸ் அச்சுக்கும் நடுவே, எக்ஸ் = 0 முதல் எக்ஸ் = 5 வரை உள்ள மொத்தப் பரப்பு என்ன?

விடைகள்: (1) 5; (2) 3 + √3; (3) 0°, 60°, 180°, 300°, 360°; (4) 13.40 சதுர செ.மீ.; (5) 13 சதுர அலகு.

விடை தவறு என்பதோடு நின்றால் இந்தச் சோதனையால் பயனில்லை. எந்த வரியில் தவறியது என்று பார்க்க வேண்டும். முதல் கேள்வியில் ±5 என்று முடித்த பிள்ளைக்கும் 8 என்று முடித்த பிள்ளைக்கும் வெகு தூரம். ±5 எழுதியது வேலையைச் சரியாகச் செய்துவிட்டு, −5 போட்டால் லாக்குக்குள் எதிர்மறை எண் வரும் என்பதைச் சரிபார்க்க மறந்திருக்கிறது. 8 எழுதியது, இரண்டு லாக்கைக் கூட்டினால் உள்ளே இருப்பவற்றையும் கூட்டலாம் என்று நினைத்து 2எக்ஸ் = 16 என்று போட்டிருக்கிறது. முன்னது ஒரு வாரத்தில் திருந்தும் பழக்கக் குறை. பின்னதில் அடித்தளமே ஆடுகிறது, யாராவது உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தாக வேண்டும்.

இரண்டாம் கேள்வியில் மேலும் கீழும் (3 + √3)-ஆல் பெருக்க வேண்டும். பகுதியை மட்டும் பெருக்கிவிட்டுத் தொகுதியில் 6-ஐ அப்படியே விட்டிருந்தால், அது சர்ட் (மூலக்குறி எண்கள்) பாடத்தின் குறை அல்ல. முதல் படிவத்துப் பின்னத்திலேயே விழுந்த ஓட்டை.

மூன்றாவதில் 60°, 300° மட்டும் வந்திருந்தால், இரண்டு பக்கத்தையும் சைன் எக்ஸால் வகுத்துவிட்டது. சைன் எக்ஸ் பூச்சியமாக இருக்கலாமே, பூச்சியத்தால் வகுக்க முடியாதே என்பது தோன்றவில்லை. எல்லாவற்றையும் ஒரு பக்கம் கொண்டுவந்து, சைன் எக்ஸைப் பொதுக் காரணியாக வெளியே எடுத்திருந்தால் ஐந்து தீர்வும் கிடைத்திருக்கும்.

நான்காவதில் 58.95 என்று வந்தால், கணிப்பான் டிகிரியில் இருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் அந்த முழு செக்டரின் (இரண்டு ஆரங்களுக்கும் வில்லுக்கும் உட்பட்ட பகுதியின்) பரப்பே 60. அதிலிருந்து ஒரு முக்கோணத்தைக் கழித்த பிறகும் 58.95 மிஞ்சுமா என்று பிள்ளை ஒரு நொடி யோசித்ததா என்பதைக் கேளுங்கள்.

ஐந்தாவதில் 0 முதல் 5 வரை ஒரே மூச்சில் தொகையிட்டால் −25/3 வரும். பல பிள்ளைகள் கழித்தல் குறியைத் தூக்கி எறிந்துவிட்டு 25/3 என்று எழுதுவார்கள். வளைகோடு 0-க்கும் 4-க்கும் இடையில் அச்சுக்குக் கீழே, அதன் பிறகு மேலே. 32/3-ஐயும் 7/3-ஐயும் தனித்தனியே எடுத்துக் கூட்டினால்தான் 13. இதே கணக்கு நேர்கோட்டு இயக்கத்தில் திசைவேகம் டி² − 4டி என்று வேடம் மாறி வரும். அங்கே −25/3 மீட்டர் இடப்பெயர்ச்சி, 13 மீட்டர் கடந்த தூரம். படம் வரையாமல் பரப்பு கண்ட பிள்ளை இரண்டு பாடத்திலும் ஒரே குழியில்தான் விழும்.

எதை வைத்து அளப்பது

எல்லாவற்றுக்கும் மேலான அளவுகோல் ஒன்று உண்டு: பிள்ளை எழுதிய வரிகளை யார் படிக்கிறார்? இந்தப் பாடத்தில் விடைக்கு மட்டும் புள்ளி இல்லை, வழிமுறைக்கும் உண்டு. பயிற்சி நூலின் கடைசிப் பக்கம் 13 என்று மட்டும் சொல்லும். 25/3 ஏன் வந்தது என்று அது சொல்லாது.

அடுத்தது செலவு. மாதக் கட்டணத்தை மட்டும் பார்க்காமல், ஒரு திருத்தப்பட்ட கணக்குக்கு எவ்வளவு ஆகிறது என்று பாருங்கள். கட்டணமும் பெட்ரோலும் சேர்த்து மாதம் 120 வெள்ளி (ரிங்கிட்) என்று வைத்துக்கொள்வோம். அந்த மாதம் ஆசிரியர் உங்கள் பிள்ளையின் நோட்டை இரண்டு முறைதான் பார்த்தார் என்றால், ஒரு பார்வைக்கு 60 வெள்ளி. எட்டு முறை பார்த்தால் 15 வெள்ளி. மலிவு எது என்பது இந்தக் கணக்கில் தலைகீழாக மாறும்.

மூன்றாவது அளவுகோல், மொழி. எஸ்.பி.எம். தாள் மலாயிலும் ஆங்கிலத்திலும் அச்சாகிறது, எதில் வேண்டுமானாலும் பதில் எழுதலாம். பள்ளியில் மலாயில் படிக்கும் பிள்ளையை ஆங்கில வகுப்பில் சேர்த்தால், பெம்பெசாஆனும் டிஃபரன்சியேஷனும் ஒன்றுதான், இரண்டும் வகையிடல்தான் என்று புரியவே சில வாரம் போகும். தமிழ்ப்பள்ளியில் வகுத்தல், பின்னம் என்று படித்து வந்த பிள்ளைக்கு இது மூன்றாவது சொற்கட்டு. கேள்வியில் வரும் ஏவல் சொற்களும் முக்கியம். செத்தெருஸ்ஞா என்று இருந்தால் மேலே கண்டுபிடித்ததை வைத்தே தொடர வேண்டும், புதிதாகத் தொடங்கக் கூடாது. துஞ்சுக்கான் பஹாவா என்றால் விடை கேள்வியிலேயே இருக்கிறது, வழிக்குத்தான் புள்ளி.

கடைசியாகப் பாடத்திட்டம். இப்போதைய அமைப்பில் முதல் எஸ்.பி.எம். தேர்வு 2021-க்கானது. அதற்கு முந்தைய நூல்களில் முதல் தாள் 25 குறுங்கேள்விகளாக இருக்கும். சர்ட் இருக்காது, மூன்று மாறிகள் கொண்ட சமன்பாட்டுத் தொகுப்பு இருக்காது, இப்போது இந்தப் பாடத்தில் இல்லாத புள்ளியியல் இருக்கும். அண்ணன் படித்த நூலைத் தம்பிக்குக் கொடுப்பது நல்ல பழக்கம்தான், வகையிடல் பயிற்சிக்கு அது தாராளமாக உதவும். ஆனால் நேரம் வைத்து முழுத்தாள் செய்ய அதை எடுக்கக் கூடாது.

டவுன் டியூஷன்

கடைவீட்டு மாடியில் வாரம் ஒரு முறை ஒன்றரை அல்லது இரண்டு மணி நேரம். இதன் பலம் ஒழுங்கு. தானாக நோட்டைத் திறக்காத பிள்ளைக்கு வாரத்தில் ஒரு நாளாவது கணக்கு நிச்சயம். முதல் கேள்விக்கு 8 என்று எழுதிய பிள்ளைக்கு, விளக்கத் தெரிந்த ஒரு மனிதர் எதிரில் நிற்பது பெரிய உதவி.

மறைந்திருக்கும் செலவுகளைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பதிவுக் கட்டணம், அச்சுத்தாள் கட்டணம், பள்ளி விடுமுறை மாதத்திலும் முழுக் கட்டணமா என்பது. தோட்டத்திலிருந்து வருபவர்களுக்குப் போக்குவரத்துதான் பெரிய தலைவலி. மாலை மழையில் மோட்டார் சைக்கிளில் செம்பனைச் சாலையில் பிள்ளையைக் கொண்டுவந்து, வகுப்பு முடியும் வரை கீழே காத்திருக்கும் அப்பாவின் நேரமும் செலவுதான். ஈப்போ ஏறத்தாழ 30 கிலோமீட்டர். போய்வர ஆகும் நேரத்தில் ஒரு முதல் தாளில் பாதியையாவது செய்து முடித்துவிடலாம். ஈப்போவில் இருப்பதாலேயே ஒரு வகுப்பு உயர்ந்தது ஆகிவிடாது.

இதைவிடப் பெரிய மறைவுச் செலவு, வகுப்பு தன் வேகத்தில் போவது. உங்கள் பிள்ளைக்கு ஓட்டை முக்கோணவியலில், வகுப்பு இருப்பது வரிசைமாற்றத்தில். வெண்பலகையில் உள்ளதை அழகாகப் பெயர்த்து எழுதிக்கொண்டு வீடு திரும்பும். நோட்டு நிறைந்திருக்கும், ஆனால் அந்தக் கணக்குகளைப் போட்டவர் ஆசிரியர். சோதிக்க எளிய வழி உண்டு: மறுநாள் காலை அதே கணக்கை வெள்ளைத்தாளில் பார்க்காமல் செய்யச் சொல்லுங்கள்.

சேர்க்கும் முன் ஆசிரியரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: வீட்டுக் கணக்கைத் திருத்தித் தருவீர்களா, விடையை மட்டும் வாசிப்பீர்களா? பதில் இழுபறியாக இருந்தால் வேறு இடம் பாருங்கள்.

கைப்பேசி: காணொளியும் நேரலை வகுப்பும்

இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பக் கூடாது. பதிவு செய்த காணொளி ஒரே ஒரு ஓட்டையை அடைக்கச் சிறந்தது. சங்கிலி விதி புரியவில்லை, (2எக்ஸ் + 3)⁵-ஐ வகையிட்டு 5(2எக்ஸ் + 3)⁴ என்று நிறுத்துகிறது, உள்ளிருக்கும் 2-ஆல் பெருக்கி 10 ஆக்க மறக்கிறது என்றால், பத்து நிமிடக் காணொளியை மூன்று முறை ஓட்டிப் பார்த்தாலே போதும். டியூஷனில் அதே விளக்கத்தை மூன்றாம் முறை கேட்கக் கூச்சப்படும் பிள்ளைகளுக்கு இது வரப்பிரசாதம்.

ஆனால் பார்த்தது புரிந்தது என்ற மயக்கம் இங்கேதான் அதிகம். அடுத்தவர் போடும் கணக்கு எப்போதுமே சுலபமாகத் தெரியும். கேள்வி திரையில் வந்ததும் நிறுத்தி, தாளில் தானே செய்து முடித்த பிறகே ஓட விட வேண்டும். அப்படிச் செய்தால் பத்து நிமிடக் காணொளிக்கு அரை மணி ஆகும். அரை மணி ஆகவில்லை என்றால் பிள்ளை படம் பார்த்திருக்கிறது.

நேரலை வகுப்பில் வரி படிக்க ஆள் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். தாளைப் படம் பிடித்து அனுப்பினால் திருத்தித் திருப்பி அனுப்புகிறார்களா என்பதைப் பொறுத்தது. சின்னத் திரையில் அடுக்குக்குறியும் கழித்தல் குறியும் மங்கிப்போகும். லயத்து வீட்டில் சிக்னல் ஒரு பட்டையில் ஆடினால் ஆசிரியரின் பாதி வாக்கியம் காற்றோடு போகும். டேட்டாவும் தீரும், அதைக் கட்டணத்தோடு சேர்த்தே கணக்கிடுங்கள்.

கைப்பேசியால் ஆகவே ஆகாத ஒன்று, நேர்கோட்டு விதி, நேரியல் திட்டமிடல் வரைபடங்கள். அளவுத்திட்டம் தேர்வது, புள்ளிகளைக் குறிப்பது, எல்லாப் புள்ளிகளுக்கும் பொருந்தும் கோட்டை அடிக்கோலால் இழுப்பது எல்லாம் கைவேலை. வரைபடத்தாள் இல்லாமல் இதைப் பழகிய பிள்ளைக்குத் தேர்வில் அந்தக் கால் மணி போதாது.

வீட்டு மேசை: பாடநூலும் மாதிரித் தேர்வுத் தாள்களும்

பணச் செலவு குறைவு, மனச் செலவு அதிகம். பாடநூல் பள்ளியின் இரவல் திட்டத்தில் இலவசமாகவே கையில் இருக்கிறது, கல்வி அமைச்சின் டெலிமா தளத்தில் மின்னூலாகவும் கிடைக்கும். மாநிலங்களின் பெர்சுபாஆன் (மாதிரித் தேர்வு) தாள்கள் விடைத்திட்டத்தோடு இணையத்தில் சுற்றுகின்றன. அச்சுக்கு ஆகும் காசுதான் செலவு.

இந்த விடைத்திட்டத்தைப் பலர் சரியாகப் பயன்படுத்துவதில்லை. ஓரத்தில் கே1, என்1 என்று இருக்கும். கே வழிமுறைக்கு, என் விடைக்கு. பிள்ளை தன் தாளில் ஒவ்வொரு வரிக்கும் எதிரே அந்தக் குறிகளைத் தானே போட வேண்டும். 25/3 எழுதிய பிள்ளை, தொகையிட்ட வரிக்குக் கே1 எடுத்து, எல்லைகளை 4-இல் பிரிக்காததால் அடுத்த கே1-ஐ இழந்தது எந்த இடத்தில் என்று தன் கண்ணால் பார்க்கும். அது பத்து டியூஷனுக்குச் சமம். சுற்றில் இருக்கும் திட்டங்களில் தட்டச்சுத் தவறுகளும் உண்டு. உங்கள் விடையும் திட்டமும் ஒத்துப்போகவில்லை என்றால், விடையைச் சமன்பாட்டில் திரும்பப் போட்டுச் சரிபார்த்த பிறகே முடிவு செய்யுங்கள்.

ஐந்து கேள்விச் சோதனையில் ±5, 58.95 வகைத் தவறுகள் மட்டும் செய்யும் பிள்ளைக்கு இதுவே முதல் தேர்வு. 8 எழுதிய பிள்ளையைத் தனியாக மேசையில் விட்டால், தவறான வழியையே நூறு முறை பழகி இறுக்கிக்கொள்ளும்.

தலைப்புவாரியாகச் செய்வதா, முழுத்தாளா என்றும் கேட்பார்கள். ஒரு பாடத்தில் புதிய கேள்விகளைத் தொடர்ந்து பத்து செய்து குறைந்தது எட்டு சரியாக வரும் வரை தலைப்புவாரி. அதன் பிறகும் தலைப்புவாரியிலேயே உட்கார்ந்திருந்தால், பக்கத்தின் தலைப்பே எந்தச் சூத்திரம் என்று காட்டிக்கொடுத்துவிடும். தேர்வில் அந்தத் தலைப்பு இருக்காது. பள்ளி மாதிரித் தேர்வுக்கு இரண்டு மாதம் இருக்கும்போது வாரம் ஒரு முழுத்தாள், கடிகாரத்தை எதிரில் வைத்து.

கூட்டாளிகள்

மூன்று அல்லது நான்கு பேர், வாரம் ஒரு முறை, கோயில் மண்டபத்திலோ யார் வீட்டு அஞ்சடியிலோ (முன்புற நடைபாதையிலோ). ஐந்து பேரானால் அரட்டை. நன்றாக நடந்தால் வரி படிக்கும் ஆட்கள் இலவசமாகக் கிடைக்கிறார்கள்: வீட்டில் ஒரே ஐந்து கணக்கைத் தனித்தனியே செய்துகொண்டு வந்து, நோட்டை மாற்றித் திருத்த வேண்டும். மற்றவன் செய்த தவறைக் கண்டுபிடித்து ஏன் தவறு என்று சொல்பவனுக்குத்தான் இதில் அதிக லாபம்.

கெட்டிக்காரப் பிள்ளை செய்ய மற்றவர்கள் பார்த்து எழுதுவது வழக்கமான சறுக்கல். அதைவிட ஆபத்து, நாலு பேரும் ஒரே தவறைச் செய்திருப்பது. நாலு பேருக்கும் 60°, 300° வந்தால் அதுவே சரி என்று கலைந்து போவார்கள். ஆகவே விடைத்திட்டம் கையில் இல்லாமல் உட்காரக் கூடாது. ஆறாம் படிவமோ பல்கலைக்கழகமோ படிக்கும் அக்கா அண்ணன் யாராவது மாதம் இரண்டு முறை எட்டிப் பார்த்தால் குழு வேறு தரத்துக்குப் போய்விடும்.

எந்தப் பிள்ளைக்கு எது

ஐந்தில் மூன்றோ அதற்கு மேலோ அடித்தளத் தவறு என்றால் டியூஷன், அதுவும் திருத்தித் தரும் சிறிய வகுப்பு. அதற்குப் பணம் இல்லை என்றால் பள்ளி ஆசிரியர். அவரை எல்லாரும் மறந்துவிடுகிறோம். வாரம் இரண்டு முறை, இரண்டே கணக்கு, தவறிய வரியில் வட்டம் போட்டு ஓய்வு நேரத்தில் கொண்டுபோய் நீட்டினால் மறுப்பவர் குறைவு. இருபது கணக்கு கொண்டுபோனால் அவருக்கு நேரம் இருக்காது.

ஒன்றிரண்டு பாடத்தில் மட்டும் ஓட்டை என்றால் காணொளியும் வீட்டு மேசையும் போதும். தவறுகள் எல்லாம் அவசரமும் கவனக்குறைவும் என்றால் மேசையும் கடிகாரமும், வாரம் ஒரு முறை கூட்டாளிகள். தானாக உட்காராத பிள்ளைக்கு, புத்தி எவ்வளவு இருந்தாலும், வீட்டு மேசையை நம்பாதீர்கள். அங்கே கூட்டாளிகள் அல்லது டியூஷன்தான்.

டியூஷனில் சேர்த்துவிட்டால் மூன்று மாதம் கழித்து எண்களை மாற்றி அதே ஐந்து கேள்விகளையும் மறுபடி கொடுங்கள். முன்பு தவறிய அதே வரியில் மீண்டும் தவறினால், அடுத்த மாதக் கட்டணத்தைக் கட்டும் முன் நோட்டை எடுத்துக்கொண்டு ஆசிரியரைப் போய்ப் பாருங்கள்.